துக்க வருஷத்தில் வைகை அணைக்கு ஒரு நாள்

மதுரையில் இருந்துகொண்டு கோயில் வாசலை மிதிக்காமல், மலை ஏறாமல், ஒரு நாள் எங்கே சுற்றுவது? வீட்டில் சாவு விழுந்து வருஷம் திரும்பாதவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியின் சிக்கல் புரியும். எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஒரு கோபுரமோ குன்றோ குறுக்கே நிற்கும். போன சித்திரையில் என் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். நாற்பத்தேழு வயது. சாகிற வயதா அது?

அண்ணன் இருந்தவரை வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை இரண்டு குடும்பமும் ஒரே காரில் வைகை அணைக்குப் போவோம். ஓட்டுவது அவர், தின்பது நாங்கள். வழியில் ஒரு கடையை விடமாட்டார். கடைக்காரர் பிள்ளை எத்தனாவது படிக்கிறது, மாமியாருக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்பது வரை விசாரித்து வைத்திருப்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அதுவும் பொய்யாகிவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணன் மனைவி, என் மதினி, தெருமுனைக் கடைக்குக்கூடப் போகவில்லை. அவரே இந்த அரையாண்டு விடுமுறையில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பிள்ளையக் கூட்டிக்கிட்டு டேம் வரைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வருவமா?" என்று கேட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொந்தத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். கோயில் வேண்டாம், மலை வேண்டாம், மற்றபடி போய்விட்டு வரட்டும் என்று அம்மா ஒரே வார்த்தையில் அவர்கள் வாயை அடைத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு விராட்டிபத்திலிருந்து கிளம்பினோம். நான், என் மனைவி செல்வி, மதினி, அவர் மகள் தர்ஷினி. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாக அணை சுமார் எழுபது கிலோமீட்டர். நிற்காமல் போனால் ஒன்றரை மணி நேரம். எங்கள் குடும்பம் என்றைக்கு நிற்காமல் போனது?

முதல் நிறுத்தம் கீழக்குயில்குடி. பிரதான சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும். சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமர நிழல். காலை வெயிலில் பாறை பழுப்பாக மினுங்கும். முன்பெல்லாம் தர்ஷினியும் அண்ணனும் மேலே கற்படுக்கை வரை போட்டி போட்டு ஏறுவார்கள். இந்த முறை கீழேயே உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்தோம். ஒரு சொம்பு முப்பது ரூபாய், மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் கேட்கிற அளவுக்குத் தருகிறார்கள். படிக்கட்டில் பாதி ஏறினால் அது மலை ஏறின கணக்கா என்று தர்ஷினி கேட்டாள். பாதி மலையும் மலைதான் என்றாள் செல்வி.

செக்கானூரணி தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன். மதினி கைப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். எட்டு மாதம் வெறும் நெற்றியாக இருந்தவர். இப்போதாவது மனசு வந்ததே என்று எனக்குச் சந்தோஷம். செல்வியும் பார்த்தாள்.

உசிலம்பட்டி வரை சாலை அருமை, வேகத்தடைகளைத் தவிர. ஆண்டிபட்டிக் கணவாயில் எல்லா வண்டியும் கோயிலுக்கு முன்னால் நின்று திருநீறு வாங்கிப் போகும். நாங்கள் நிற்கவில்லை. கணவாயும் மலையில் சேர்த்திதானே என்பது அம்மாவுக்குத் தோன்றவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அணைப் பூங்காவைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கரையிலும் பூங்கா, நடுவில் சின்னப் பாலம், நல்ல மரங்கள். ஆனால் பாதி நீரூற்று காய்ந்து கிடக்கிறது, கழிப்பறைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஊஞ்சலுக்கு வரிசை நிற்கிறது. தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால் பாலத்தில் நின்றால் முகத்தில் சாரல் அடித்தது. தர்ஷினி அங்கே மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.

மதியம் ஒரு மணிக்கு மீன். பூங்கா வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நீலத் தார்ப்பாய் போட்ட கடை. ஜிலேபி கெண்டை முழு மீன் எண்பது ரூபாய், கட்லா துண்டு அறுபது. மசாலா கல்லில் ஒட்டாமல் வறுப்பதில் அந்தக் கடைக்கார அக்காவை அடிக்க ஆள் இல்லை. எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "என்னத்தா, அண்ணனைக் காணோம்?"

மதினி கொஞ்சமும் தடுமாறவில்லை.

"கார்ல தூங்குறாருக்கா. ராத்திரி சரியான தூக்கம் இல்ல."

அக்கா ஒரு கட்லா தலையை எடுத்து, காரம் தூக்கலாகத் தடவி, தனியாக வறுத்து வாழை இலையில் மடித்தார். அண்ணனுக்குத் தலைதான் பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. காசு வேண்டாம் என்றுவிட்டார். எழுப்பிச் சூட்டோடு கொடுக்கச் சொன்னார். தர்ஷினி அம்மாவைப் பார்த்தாள், பிறகு தூரத்தில் நின்ற காரைப் பார்த்தாள். நான் வாயில் வைத்த மீனை விழுங்க முடியாமல் நின்றேன். அந்தப் பொட்டு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

திரும்பும்போது பொட்டலம் மதினி மடியில் இருந்தது. உசிலம்பட்டியில் ஐந்து மணிக்கு ஒரு தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடிக்க நிறுத்தினோம். சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சியது, டம்ளர் இருபது ரூபாய். வண்டிக்காரர் தர்ஷினிக்கு ஊற்றிக்கொண்டே, "பாப்பா, அப்பா எங்க?" என்றார்.

அவள் முந்திக்கொண்டாள். "கார்ல தூங்குறாரு."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் அம்மா முகத்தைப் பார்த்தாள். கொள்ளி வைக்கும்போது கூடவே நின்ற பிள்ளை. மதினி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லண்ணே," என்றார். "அவரு இறந்துட்டாரு. எட்டு மாசம் ஆச்சு."

வண்டிக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருத்தா" என்றார். பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்த அந்த ரோட்டோரத்தில் உட்கார்ந்து மதினி வாய்விட்டு அழுதார். தர்ஷினி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வியும் அழுதாள். நானும்தான், என்ன வெட்கம்?

காரில் ஏறியபிறகு மதினி மெதுவாகப் பேசினார். "மதுரைக்குள்ள எல்லாருக்கும் தெரியும் தம்பி. பாக்குற மூஞ்சியெல்லாம் அதையே சொல்லுது. இந்த ரோட்டுல யாருக்கும் தெரியாதுல்ல. இங்க வந்தா அவரு இருப்பாருன்னு வந்தேன். பிள்ளையும் பொய் சொல்லப் பழகும்னு நினைக்கல."

பிறகு பொட்டலத்தைப் பிரித்து, கட்லாவின் கன்னத்துச் சதையை எடுத்து, முள் பார்த்து மகளுக்கு ஊட்டினார். ஆறிப்போயிருந்தது. இருவரும் மிச்சம் வைக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ஏழுக்குள் கிளம்புங்கள், பத்துக்குமேல் கீழக்குயில்குடிப் பாறை கொதிக்கும். பூங்காவில் குடிதண்ணீரை நம்ப வேண்டாம், வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து நான்கு பேருக்கு எங்களுக்கு இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. துக்க வீட்டுக்காரர்களும் போகலாம், ஒன்றும் ஆகாது. வீட்டுக்குள் அடைந்து கிடப்பதைவிட ரோட்டோரத்தில் அழுவது மேல் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அந்த நீலத் தார்ப்பாய்க் கடையில் கட்டாயம் சாப்பிடுங்கள். ஆனால் இங்கே படித்ததை அந்த அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கே திரும்பிப் போய்ச் சொல்ல மதினிக்குத் தெம்பு இல்லை. சித்திரையில் வருஷம் திரும்பியதும் தானே நேரில் போய்ச் சொல்வதாக இருக்கிறார். அதுவரை அந்த அக்காவுக்கு மட்டும் என் அண்ணன் காரில் தூங்கிக்கொண்டிருக்கட்டும்.