பெர்னிஸும் நானும் பார்படோஸ் போன கதை

பெர்னிஸ் போய்விட்டார்.

காலையில் அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள். நின்றபடியே கேட்டுவிட்டு ஒரு கதிரையில் இருந்தேன், இன்னும் எழும்பவில்லை...

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. தொண்ணூறுகளில் மொன்றியலில் சென்ட் லோரன்ட் பகுதியில், மருந்துப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டும் பக்டரியில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்.

பார்படோஸ் தீவில் பிறந்து, இருபது வயதில் மொன்றியலுக்கு வீட்டு வேலைக்கு வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு.

முதல் வாரம் நான் ஒட்டிய லேபல் எல்லாம் சரிவு. சுப்பவைசர் வருமுன் என் போத்தல்களைத் தன் பக்கம் இழுத்து, உரித்து, திரும்ப ஒட்டித் தந்தார்.

"பயப்பிடாதை. மருந்து குடிக்கிறவன் லேபல் சரிவோ எண்டு பாக்கமாட்டான்." நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். அது என் குணம், இன்றைக்கும் மாறவில்லை.

ஒருமுறை லீவில் பிள்ளைகளோடு ஊர் போகப் புறப்பட்டார். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவை.

"நீயும் மகளும் என்னோட வாங்கோ. கனடாவுக்கு வந்து மொன்றியலையும் ரொறன்ரோவையும் தவிர என்னத்தைக் கண்டனீ?" என்றார்.

என் கணவர் வரமாட்டேன் என்றுவிட்டார். எங்களிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம், பாஸ்போர்ட் இல்லை.

"அங்கை உள்ளுக்கு விடாட்டி? திரும்பி வரேக்கை இங்கை விடாட்டி?" சாப்பாட்டில் கை வைக்கும்போதெல்லாம் இதே கேள்வி. எனக்கும் அதே கேள்விதான், ஆனால் ஐந்து வயது மகளுக்குக் கடலைக் காட்ட ஆசையாக இருந்தது.

பயத்தில் பிளேனில் ஜூஸ்கூட இறங்கவில்லை. பெர்னிஸ் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலால் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

எயார்போர்ட்டில் அந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை. பெர்னிஸும் பிள்ளைகளும் சட்டென்று போய்விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குக் கை காட்டினார்.

ஒபிசர் என் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அப்படி ஒன்றை அவர் முன்பு கண்டதில்லை போல. பிறகு கண்ணாடிப் பக்கம் காட்டி, அந்தப் பெண்ணோடு வந்தீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவரை எனக்குத் தெரியாது என்றேன்.

எங்களைக் கனடாவுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் படிப்பித்தது அது. கவுண்டரில் ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டக் கூடாது. பிடிபட்டால் ஒருவர் மட்டும் பிடிபட வேண்டும். கட்டின புருஷனையே யாரென்று தெரியாது என்று சொல்லித்தான் வந்து சேர்ந்தேன்.

இந்த முறை ஒளிக்க ஒன்றுமே இல்லை. எல்லாம் முறையான கடதாசி. இருந்தும் கவுண்டரைக் கண்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது...

மகள் அந்த நேரம் பார்த்து "பெர்னிஸ்" என்று கூப்பிட்டுக் கையை ஆட்டினாள். ஒபிசர் புத்தகத்தை மூடிவிட்டு, எங்களைச் சுவரோரம் ஒரு நீள மர வாங்கில் இருத்தினார். அதே பிளேனில் திருப்பி அனுப்ப வேண்டி வரலாம் என்றார்.

பிளேன் வெளியே நின்றது. திரும்பிப் போகிறவர்களின் சூட்கேஸ்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன், கண்ணாடிக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. வெளியே அவருடைய அண்ணன் காத்திருக்கிறார், பெர்னிஸ் போயிருப்பார் என்று நினைத்தேன். போனால் நல்லது என்றும் நினைத்தேன், அவர் முகத்தில் விழிக்கத் தேவையில்லை.

போகவில்லை. பிள்ளைகளை அண்ணனோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, யாரையோ பிடித்துக் கேட்டுத் திரும்ப உள்ளே வந்தார்.

"இவ உங்களைத் தெரியாது எண்டு சொல்லுறா" என்றார் ஒபிசர்.

பெர்னிஸ் என்னைப் பார்த்தார். நான் குனிந்து மகளின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"பயத்திலை சொல்லியிருப்பா. நாலு வருஷமா எனக்குப் பக்கத்திலை நிண்டு வேலை செய்யிறா. என்ர அண்ணன் வீட்டிலைதான் தங்கப் போறா. கேக்கிறதை என்னட்டைக் கேளுங்கோ."

பிறகு வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்து செருப்பைக் கழற்றினார்.

மூன்று மணித்தியாலம். எங்கெங்கோ போன் எடுத்தார்கள், ஒரு பெரிய ஒபிசர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பிளேனும் போய்விட்டது, அப்போதும் பதில் இல்லை.

பிறந்த இடத்தில் பெர்னிஸின் முதல் பின்னேரம் அந்த வாங்கில் போனது. அண்ணன் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் காத்திருந்து பார்த்து, சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிட்டார்கள்.

கடைசியில் முத்திரை குத்தினார்கள். அந்தச் சத்தத்தோடு எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு கிழமை எங்களை நல்லாக வைத்திருந்தார். மகள் கடலை விட்டு வரவே இல்லை. நான் ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பேன், "சாப்பிடு, ஆறப்போகுது" என்பார்.

திரும்பி வந்தபோது மொன்றியல் எயார்போர்ட்டில் "பொன்ஜூர்" என்று வணக்கம் சொல்லி ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் பல வருடம் ஒரே லைனில் நின்றோம். மன்னிப்பை மட்டும் நான் கேட்கவே இல்லை.

இன்று போனில் அவருடைய மகள் சொன்னாள்...

"அம்மா அந்தக் கதையை எப்பவும் சொல்லுவா. உங்களை மறிச்சு வச்சதும், நீங்க விடாமல் 'நான் பெர்னிஸோட வந்தனான், பெர்னிஸைக் கூப்பிடுங்கோ' எண்டு சொல்லிக்கொண்டே இருந்ததும். அதாலைதான் உங்களை விட்டவங்களாம்."

நான் அதைத் திருத்தாமல், அடக்கம் எப்போது என்று கேட்டேன்.

சனிக்கிழமை தேவாலயத்தில் எல்லோர் முன்னாலும் அந்தக் கதையை நான் சொல்ல வேண்டுமாம். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது, அதனால் நடந்ததை நடந்தபடி முதலில் இங்கே சொல்லிப் பார்த்தேன்.

போயிட்டு வாங்கோ, பெர்னிஸ்.