குடை பிடித்த அம்மாள்

கொடைக்கானல் பஜாரில் மலைப்பூண்டு விற்கும் பாய் அவர். வெண்தாடி, காதை மூடிய கம்பளிக் குல்லா. இந்த மலையில் வாழ்ந்து மறைந்த ஓர் இஸ்லாமியப் புலவரின் வரலாற்றை எழுதப் போயிருந்தேன். அச்சில் கிடைத்ததெல்லாம் வெறும் புகழ்மாலை. யார் சொல்லை நம்பி எழுதலாம் என்று தேடியபோது கிடைத்தவர் இவர்.

எந்தச் செய்தியானாலும் அது யார் வழியாக வந்தது என்பதை பாய் முதலில் சொல்லிவிடுவார். "இது வாப்பா சொன்னது. வாப்பாவுக்குப் புலவரோட மகனே சொன்னது." எனக்கு அது பெரிய நிம்மதி.

கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பூண்டு மூட்டைமேல் தார்ப்பாயை இழுத்துவிட்டபடி சொன்னார்: "புலவர் வீடு ஒழுகுமாம். அவர் பாட்டு எழுதி முடிக்கிற வரைக்கும், காகிதம் நனையாம அவங்க சம்சாரம் குடை பிடிச்சுட்டு நிப்பாங்களாம்."

பேனாவை எடுத்தேன். "இது யார் சொன்னது பாய்?"

தார்ப்பாயின் முனையை மூட்டைக்கு அடியில் செருகினார்.

"யாரும் சொல்லலீங்க. அந்தம்மாவப் பத்தி ஒருத்தருமே ஒண்ணும் சொல்லலையே, அதான் நானா நெனச்சுக்கிட்டேன். எழுதிராதீங்க."

எழுதவில்லை. புத்தகமும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பாட்டுகளை எங்கே கேட்டாலும், தோள் நனைய நிற்கும் அந்த அம்மாள்தான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறார்.