நல்ல செய்தியைப் பூட்டி வைத்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தோத்தாபுரி மாங்காய் பறிப்புக்கு ஆள் சொல்லி வைத்திருந்த சமயம். சித்தூர் பக்கம் பாலசமுத்திரத்தை ஒட்டிய கிராமம் எங்களுடையது. ஒரு மாலை அடித்த சூறைக்காற்றில் எங்கள் நாற்பத்திரண்டு மரத்துக் காயும் தரைக்கு வந்துவிட்டது. எதையும் எண்ணிப் பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது. எந்த மரத்தில் எத்தனை போயிற்று என்று நான் எண்ணிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற என் மனைவி மார்பைப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சித்தூரில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, மாரடைப்பு போலிருக்கிறது என்று திருப்பதிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆஞ்சியோ செய்ததில் ரத்தக் குழாய் எதிலும் அடைப்பு இல்லை. ஆனால் இதயத்தின் கீழ்ப்பகுதி பலூன் மாதிரி உப்பி, சுருங்க முடியாமல் இருந்தது. டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கழுத்து சிறுத்து வயிறு பெருத்த ஜாடி. ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானை இப்படித்தான் இருக்குமாம், அந்தப் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்களாம். பெரிய அதிர்ச்சி வரும்போது உடம்பில் அட்ரினலின் போன்றவை அளவுக்கு மீறிச் சுரந்து இதயத்தைத் திகைக்க வைத்துவிடுகின்றன என்று நினைக்கிறார்கள், வயதான பெண்களுக்கே அதிகம் வருகிறது, முழுக் காரணம் இன்னும் தெரியவில்லை, பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும் என்றார். எதனாலெல்லாம் வரும் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல விரல் விட்டு எண்ணினேன். சாவு, பயம், கோபம், விபத்து, வேறு பெரிய நோய். அபூர்வமாகச் சிலருக்குத் திடீர் சந்தோஷத்தால்கூட வரலாம் என்றார் கடைசியாக. 'அபூர்வமாக' என்பது மட்டும் என் காதில் ஏறவில்லை.

வீடு திரும்பிய சில நாளில், ரேணிகுண்டாவில் வாழ்க்கைப்பட்ட எங்கள் ஒரே மகள் எனக்குப் போன் செய்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடமாகக் குழந்தையில்லை. அம்மாவிடம் போனைக் கொடு நைனா என்றாள். குரலே சரியில்லையே என்று துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. டாக்டரம்மா கடைசியாகச் சொன்ன காரணம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இதைக் கேட்டால் என் மனைவியின் இதயம் என்ன ஆகும்?

"இப்ப வாணாம்மா. அம்மாவுக்கு ஆவாது. நீ இந்தப் பக்கமே வராத, உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் நடத்தியது வீடல்ல, செக்போஸ்ட். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் திரும்பினால், உறவுக்காரர்கள் பிரெட்டும் பழமும் வாங்கிக்கொண்டு வந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து, நடந்ததையே மறுபடி மறுபடி சொல்லி அழுவார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு, மாங்காய்ப் பேச்சும் மகள் பேச்சும் கூடாது என்று சொல்லித்தான் ஒவ்வொருவரையும் உள்ளே விட்டேன். மனைவியின் செல்போன் ரிப்பேர் என்றேன், மகள் ஏன் வரவில்லை என்று கேட்டால் பேச்சை மாற்றினேன். டி.வி. ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அவளோடு சண்டை போடுவதைக்கூட நிறுத்தினேன். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியதாம், பின்னால் சொன்னாள். சோறு குறைந்தது, தூக்கம் போயிற்று, படபடப்பு என்றாள். எல்லாம் நோயால்தான் என்று நினைத்து நான் கட்டுக்காவலை இன்னும் இறுக்கினேன்.

மறுபரிசோதனைக்குத் திருப்பதி போனோம். எக்கோ அறையில் படுக்கச் சொன்னபோது அவள் படுக்கவில்லை.

"டாக்டரம்மா, என் பொண்ணு உசுரோட கீறாளா இல்லியான்னு மொதல்ல இவரக் கேளுங்க. அப்புறம் மிஷின்ல பாக்கலாம்."

டாக்டரம்மா என்னை வெளியே அழைத்துப் போய் விசாரித்தார். சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு முகம் மாறியது.

"பெரியவரே, சந்தோஷத்துல வர்றது எங்கயோ ஒண்ணு. இத்தன நாளா நீங்க குடுத்த பயம் இருக்கே, அதுதான் டேஞ்சர்."

மகள் நன்றாக இருக்கிறாள் என்று டாக்டரம்மாவே உறுதி சொன்ன பிறகுதான் அவள் படுத்தாள். திரையில் இதயம் சுருங்கி விரிந்தது. ஜாடி போய், பழைய வடிவம் வந்திருந்தது. முழுசாகத் தேறிவிட்டது, இப்போதே என் எதிரில் சொல்லுங்கள் என்றார். மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து நாடியில் விரல் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நம்ம பொண்ணு முழுவாம கீறா."

நாடி ஓடியது, எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது.

"எத்தினி மாசம்?"

"மூணு முடியப் போவுது."

"மூணா? வாந்தி எடுத்துக்கினு தனியா கெடந்தாளே. இன்னாத்த துன்னாளோ. கைய விடுங்க, ரேணிகுண்டா பஸ் எங்க நிக்கிது?"

எனக்கு முன்னால் அவள்தான் பஸ் ஏறினாள். மகள் வீட்டு வாசலில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், நடுவிலேயே சிரித்தார்கள். அதற்கு மேலான சந்தோஷம் அவள் வாழ்க்கையில் வந்ததில்லை. அந்த இதயம் ஒரு துளியும் அசரவில்லை. அன்று ராத்திரி மகளுக்குப் புளிரசம் வைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

இப்போது பேத்திக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. நல்லதோ கெட்டதோ, எந்தச் செய்தி வந்தாலும் முதலில் என் மனைவியிடம்தான் போகிறது. அதை எனக்கு எப்போது, எப்படிச் சொல்லலாம் என்று அவள்தான் முடிவு செய்கிறாள். தாங்கத் தெரியாத இதயம் எங்கள் வீட்டில் யாருடையது என்பது அன்றே எனக்குப் புரிந்துவிட்டது.