கரண்டி நிற்கும் பாயசம்

சேமியா இழை ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஒடித்துப் பார்ப்பாள் பவுனம்மாள். அந்த நேரத்தில் பழனியப்பன் கடையில் யாரும் பேசக் கூடாது. உப்பு வாங்க வந்தவர் உப்பைக் கேட்கக் கூடாது. கடைக்காரர் தராசைத் தொடக் கூடாது. ஓசை பிடித்துவிட்டால் தலையை ஆட்டுவாள். பிடிக்காவிட்டால் அடுத்த சாக்கை அவிழ்க்க வேண்டியதுதான். கப்பலேறி வந்த தமிழர் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் மளிகைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்தச் சோதனைக்கு உட்காரும் பொறுமை பழனியப்பன் ஒருவருக்குத்தான் உண்டு. மற்றவர்கள் அவள் தூரத்தில் வருவதைக் கண்டதுமே சேமியா தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

"ஓசை இல்லாத சேமியா ஈரம் குடிச்ச சேமியாலா. நெய்யில போட்டா அழும்" என்பது அவள் கட்சி.

கட்டுக்குட்டான உடம்பு. இடுப்பில் கனமான சாவிக்கொத்து. அதில் பாதிச் சாவிகளுக்குப் பூட்டே கிடையாது. பூட்டு கெட்டுப் போனால் சாவி என்ன பாவம் செய்தது என்று கேட்பாள். தேயிலைத் தூளை இரண்டாம் முறை கொதிக்கவிட்டு, இது வயிற்றுக்கு நல்லது என்று கொடுப்பாள். பால் டின் காலியானால் அது குவளை. குவளை ஓட்டையானால் வெற்றிலைக் கொடிக்குத் தொட்டி. படம் ஒட்டிய பொட்டலம் எதையும் அவள் நம்புவதில்லை. படம் போட்டவன் படத்துக்கும் சேர்த்துத்தானே விலை வைப்பான், படத்தையா தின்னப் போகிறோம் என்பாள். மறுத்துப் பேசியவர்களை நான் பார்த்ததில்லை.

ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் அவள் மெஸ் நடத்துகிறாள். புருஷன் அய்யாவு செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்ப்பவர். பவுனம்மாள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒத்துக்கொள்ளப் பழகிவிட்ட மனிதர். சாப்பிட வருகிறவர்கள் இரண்டு தினுசு. ஆபீஸில் பேனா பிடிக்கும் கிராணிமார் ஒரு பக்கம், எஞ்சின் ஷெட்டில் கரியோடு மல்லுக்கட்டும் ஆட்கள் ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரு தரப்புக்கும் பாயசம் உண்டு. அது சாதாரணப் பாயசம் இல்லை. கரண்டியை நட்டால் நிற்க வேண்டும். சாய்ந்தால் அதற்குக் கஞ்சி என்று பேர் என்பது பவுனம்மாளின் சட்டம். நாகப்பட்டினத்துக் கப்பலில் சாக்கு சாக்காக வரும் சேமியா அந்தச் சட்டத்துக்கு நன்றாகவே ஒத்துழைத்தது. கொதியில் மாவு விட்டுக் குழைந்து, பாலோடு பாலாகிவிடும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், போன தைப்பூசம் முடிந்த கையோடு எதிர்ச்சாரியில் கன்னையா என்பவர் ஒரு மெஸ் திறந்தார். வாசலில் பலகை: 'இங்கு இத்தாலிச் சேமியாப் பாயசம் கிடைக்கும்.' பலகை போதாதென்று, வெளியில் தெரியும்படி நீலக் காகிதப் பொட்டலங்களை வேறு அடுக்கி வைத்தார். ஒவ்வொரு பொட்டலத்திலும் முறுக்கு மீசையோடு ஒரு வெள்ளைக்காரன் சிரித்தான். மூன்று கிராணிகள் அந்த மீசையைப் பார்த்தே அங்கே போய்விட்டார்கள்.

கிராணிகள் போனதைப் பவுனம்மாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கோழிக் கொறிப்பாகச் சாப்பிட்டுக் குறை மட்டும் வயிறு நிறையச் சொல்பவர்கள். அவள் பயந்தது ஷெட் ஆட்களை நினைத்துத்தான். ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஸ்ஸில் சாப்பிடுவது என்று ஆளாளுக்கு முடிவு செய்ய மாட்டார்கள். மாதப் பிறப்பன்று பக்கிரிசாமி எங்கே இலை முன் உட்காருகிறானோ, அந்த மாதம் முழுவதும் எல்லோருக்கும் அங்கேதான். பக்கிரிசாமி கிள்ளான் வழியாகத் துறைமுகத்துக்குப் போகும் ரயில் வண்டியில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். ஷெட்டில் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்கிறவனும் அவன்தான். அவனைக் கன்னையா மெஸ்ஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று காதில் விழுந்ததிலிருந்து பவுனம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் எதிர்ச்சாரிக்குப் போனால் அடுப்பை அணைத்துவிட்டு அவள் சாவிக்கொத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தச் சேமியாவில்? சண்முகரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துக் கிராணி இரண்டு மெஸ்ஸிலும் கை நனைப்பவன். அவனைப் பிடித்துக் கேட்டாள்.

"அக்கா, அது வேற சாமான். ஒண்டோட ஒண்டு ஒட்டாது" என்றான் அவன்.

ஒட்டாமல் இருக்க வேண்டுமென்றால் நூல்கண்டை வாங்கிக் கொதிக்க வைக்கலாமே என்று அவள் பதில் சொன்னாள். சொன்னாளே தவிர, அன்று மாலையே பழனியப்பன் கடையில் போய் நின்றாள். நீலப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். குலுக்கினாள். காகிதம் மடிந்த இடத்தில் மூக்கை வைத்து முகர்ந்தாள். ஓரத்தில் கொஞ்சம் கிழித்துப் பார்க்கட்டுமா என்றதற்கு, பிரித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பொறுமைசாலியே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விலை, சாக்குச் சேமியாவைப் போல் நாலு பங்கு. பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். மீசைக்காரனைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அதோடு விட்டாளா? துரை பங்களாவில் சமைக்கும் சீனக் குசினிக்காரனைக் காய்கறிப் பாசாரில் மடக்கி விசாரித்தாள். துரை வீட்டில் அதை வெந்நீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மேலே பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டுச் சாப்பிடுவார்கள் என்று அவன் கையாலும் வாயாலும் விளக்கினான். பவுனம்மாள் வீடு வந்து சேரும்வரை தனக்குள் பேசிக்கொண்டே வந்தாள்.

"வெந்த தண்ணியக் கீழ ஊத்துறானுங்களாங்க. சத்தெல்லாம் சாக்கடைக்கு. மிச்ச சக்கைக்கு நாலு பங்கு வெலையா?" என்று அய்யாவுவிடம் நியாயம் கேட்டாள். வாங்கினாலும் சரிதான், வாங்காவிட்டாலும் சரிதான் என்று அய்யாவு தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். இந்த மாதிரி நேரத்தில்தான் அவள் தன் கல்யாணத்தை நினைத்து வருத்தப்படுவாள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. ஒரே ஒரு பொட்டலம் வாங்கி, கீரைக்கட்டுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தாள். பிரித்தால் உள்ளே சிக்குப் பிடித்த தலைமுடி போலச் சுருண்டு கிடந்தது. எண்ணெய் வைத்துச் சீவாத ஊரில் செய்திருப்பார்கள் போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே ஓர் இழையை உருவிக் காதோரம் ஒடித்தாள். அப்படி ஓர் ஓசையை எந்தச் சாக்கிலும் அவள் கேட்டதில்லை. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு பானை ஏற்றினாள். ஒன்றில் சாக்குச் சேமியா, மற்றதில் சீமைச் சேமியா. பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் இரண்டுக்கும் ஒன்று போல. சாக்குச் சேமியா தளதளவென்று குழைந்து கரண்டியை நிமிர்த்திப் பிடித்தது. சீமைச் சேமியா வேகவே யோசித்தது. விறகு எரிகிற வேகத்தைப் பார்க்க அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் எது எது என்று சொல்லாமல் எல்லோருக்கும் இரண்டையும் ஊற்றினாள். பாதிப் பேர் இதை என்றார்கள், பாதிப் பேர் அதை என்றார்கள். சண்முகரத்தினம் வாயைத் துடைத்துக்கொண்டு, "பாக்க அது வடிவு அக்கா, தின்ன இது ருசி" என்றான். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பதில். அதை வைத்துக்கொண்டு அடுப்புக்கூடப் பற்றவைக்க முடியாது. ஆகவே எல்லாம் பக்கிரிசாமியின் நாக்கில் வந்து நின்றது.

துறைமுகத்து வண்டி திரும்பி வர நாலு மணியாகும். அதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டுப் போயிருப்பார்கள். பானையும் ஆறிப் போயிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அந்த நேரத்துக்குப் பவுனம்மாளின் பாயசம் இறுகிக் கட்டியாகிவிடும். கரண்டி உள்ளே போகாது. கத்தியால் வெட்டி எடுத்துத்தான் இலையில் வைப்பாள். வைக்கும்போது அவளுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதனால் அவளும் அதைப் பற்றிப் பேச்சை எடுத்ததில்லை.

அன்றும் அவன் வந்தான். கைகால் கழுவியும் புருவத்தில் கரி மிச்சமிருந்தது. பவுனம்மாள் அடுக்களைக்குப் போய் மூடிகளைத் திறந்தாள். தன்னுடையது வழக்கம்போல் பாறை. இத்தாலிக்காரனுடையதோ, மத்தியானம் எப்படி இருந்ததோ அப்படியே இழை இழையாக மிதந்துகொண்டிருந்தது. நாலு பங்கு விலை எதற்கு என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அது காத்திருக்கும். பிந்தி வருகிறவனுக்கும் முந்தி வந்தவனுக்குக் கிடைத்ததே கிடைக்கும். இத்தனை நாளும் இவனுக்கு என்னத்தை வெட்டி வைத்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இதைக் கன்னையா மெஸ்ஸில் ஒருமுறை குடித்தானானால் போனவன் போனவன்தான்.

தன் பானையை மூடி வைத்தாள். மற்றதைக் குவளை நிறைய ஊற்றிக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஒரே மூச்சில் குடித்தான். நன்றாக இருக்கிறது என்றான். பிறகு எழுந்திருக்காமல் அடுக்களைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி?"

"இன்னைக்கு அல்வா இல்லையாக்கா?"

பவுனம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த அல்வா என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமையானா எனக்குன்னு வெட்டி வப்பியேக்கா, சேமியா அல்வா. ஷெட்டுல அத்தன பேருக்கும் என் மேல பொறாமை. கன்னையா கூப்பிட்டாரு. அல்வா உண்டான்னு கேட்டேன். பாயசந்தான்னாரு. அப்ப வரலன்னுட்டேன்."

பாயசத்துக்குப் பேர்போன பவுனம்மாள் மெஸ்ஸில், இத்தனை வருஷமாக அவன் ஒரு துளிப் பாயசம் குடித்ததில்லை. வேலை முடிந்து களைத்து வருகிற தனக்காக ஒருத்தி தனியே நின்று அல்வா கிண்டுகிறாள் என்றே நம்பியிருக்கிறான். உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று அவள் வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். இரு தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பானையை எடுத்துத் தட்டில் கவிழ்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் வெட்டும் இடத்தில் கத்தியை வைத்தாள். பிறகு கத்தியை எடுத்து, துண்டு பெரிதாகும்படி இரண்டு விரற்கடை தள்ளி வைத்து அழுத்தினாள்.