கம்பத்துக்குக் காட்டிய கற்பூரம்

எங்கள் தெரு முனையில் கேமரா மாட்டிய அன்றைக்கு எதிர்வீட்டு அக்கா தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. புது வண்டி எடுத்தால் செய்வதுபோல் கம்பத்துக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் கட்டினார். கேமரா எட்டாத உயரத்தில் இருந்ததால் ஏணியில் நின்ற ஆளிடம், "தம்பி, அதுக்கும் நெத்தியில ஒரு பொட்டு வெச்சுடு, கண்ணு பட்டுடப் போவுது" என்றார். அவன் சிரித்துக்கொண்டே வைத்தான். எம்.எல்.ஏ. வந்து, இனிமேல் இந்தத் தெருப் பெண்கள் பயமில்லாமல் நடக்கலாம் என்று பேசினார். நாங்கள் கைதட்டினோம். சங்கிலி அறுக்கிற பயத்தில் நாங்களே மனுக் கொடுத்து, அலைந்து, கேட்டு வாங்கிய கேமரா அது.

அக்கா வீட்டுக்காரரை இழந்தவர். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒரே மகன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நிரந்தர வேலைக்காக அலைந்துகொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை ஆனால் நானும் அக்காவும் சேர்ந்துதான் அம்மன் கோயிலுக்குப் போவோம். மகன் வேலையைத் தவிர அவர் சாமியிடம் வேறு ஒன்றும் கேட்டதில்லை.

கேமராப் படம் போலீஸ் ஸ்டேஷனில் மட்டும்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். கட்சி ஆபீசிலும் அதற்கு ஒரு டி.வி. வைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? நானும் அக்காவும் பால் வாங்கப் போன இடத்தில் அந்த எம்.எல்.ஏ.வின் கட்சிக்காரர் ஒருவர், "இன்னாக்கா, தலைக்கு ஊத்திக்கினு வாசல்லியே நின்னு துவட்றீங்க, சளி புடிச்சிக்கப் போவுது" என்றார். எங்கள் தெருப் பக்கமே வராதவர், வேடிக்கைப் பேச்சுபோலத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அக்கா பால் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மறுநாளிலிருந்து கோலம் போடக் குனியும்போதுகூட முதுகுக்கு ஒரு துண்டைப் போர்த்திக்கொள்வார். சாமி எல்லாவற்றையும் பார்க்கிறது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். சாமி பார்ப்பதில் கூச்சமில்லை. பார்த்ததை அது பால் கடையில் வந்து சொல்லாது.

அப்புறம்தான் அந்தச் சாயங்காலம் வந்தது. மகன் வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். கம்பத்தடியில் நின்றிருந்த சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் நிறுத்தினார். ஆர்.சி., லைசென்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. "போனைக் குடு, லாக்கை எடு" என்றார். என்னென்ன போட்டோ வைத்திருக்கிறான், யார் யாரோடு பேசுகிறான் என்று பார்க்க வேண்டுமாம். அவன் சத்தம் போடாமல்தான் கேட்டான்: "போனு எதுக்கு சார்? எந்தக் கேசுக்குன்னு சொல்லுங்க, தரேன்." சொன்ன வாய் மூடுவதற்குள் காதோடு ஓர் அறை. நான் வாசலில் நின்று பார்த்தேன். அப்படியே அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பணி செய்யவிடாமல் தடுத்ததாகக் கேஸ் எழுதப்போவதாகச் சொன்னார்கள். அந்த மாதம்தான் அவனுக்கு ஒரு கம்பெனியில் வேலை கூடி வந்திருந்தது. போலீஸ் சான்று கொண்டுவந்தால் சேர்ந்துகொள்ளலாம் என்றிருந்தார்கள். கேஸ் விழுந்தால் எல்லாம் முடிந்தது.

நானும் அக்காவும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். "கேமராவைப் போட்டுப் பாருங்க சார், யார் கை ஓங்குனாங்கன்னு அதுலியே தெரியும்" என்றார் அக்கா. எஸ்.ஐ. நிமிராமல், "அது மழையில போயி ஒரு மாசம் ஆவுதும்மா" என்றார்.

"அப்படிங்களா சார். போன வாரம் நான் வாசல்ல தலை துவட்டுனது மட்டும் அதுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

மூலையில் இருந்த ஏட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. "பையனுக்கு வேலை வேணுமா, கேமரா வேணுமா? யோசிச்சு சொல்லு" என்றார். நான் பார்த்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "உன்னை யாரும் கேக்கல" என்றார்.

எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனோம். ஓட்டுக் கேட்டு வந்தபோது இதே அக்கா ஆரத்தி எடுத்து நெற்றியில் பொட்டு வைத்த மனுஷன். "நம்ம புள்ளதானம்மா, நான் பேசுறேன்" என்றார். பேசவும் செய்தார். பேசி வந்த நியாயம் இதுதான்: பையன், தான் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதாகவும், தன்னை யாரும் அடிக்கவில்லை என்றும் மன்னிப்பு எழுதித் தர வேண்டும், தாயும் கையெழுத்துப் போட வேண்டும். காது அடைத்துப்போய் எதைச் சொன்னாலும் "ஆங்?" என்று திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அதை எழுதினான். அக்கா கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் அந்தக் கட்சிக்காரர் போனைத் தூக்கிப் பிடித்து, "கையைக் கூப்புக்கா, ஒரு ரெக்கார்டுக்கு" என்றார். அக்கா கூப்பினார். பொழுது சாய்வதற்குள் எங்கள் தெரு வாட்ஸப் குரூப்பில் அந்தப் படம் வந்துவிட்டது. கீழே, "அண்ணனின் முயற்சியால் ஏழைத் தாயின் கண்ணீர் துடைக்கப்பட்டது." அடித்தவனுக்குப் படம் இல்லை, அடிபட்டவனைப் பெற்றவளுக்கு ஊர் முழுக்கப் படம். அதற்கும் எங்கள் தெருக்காரர்கள் வரிசையாகக் கும்பிடு பொம்மை போட்டிருந்தார்கள்.

மகனுக்கு வேலை கிடைத்தது. அக்காவும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஒசூருக்கு அவனோடு போய்விட்டார். இப்போது எதிர்வீட்டில் வேறு குடித்தனம். போன வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது. பிள்ளைக்கு வேலை நிரந்தரமானதைச் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார். வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கி, "அந்தப் போட்டோவை உன் போன்ல அழிச்சிட்டியா?" என்று கேட்டார்.

"அன்னிக்கே அழிச்சிட்டேன்க்கா."

"மத்தவங்களும் அழிச்சிருப்பாங்க இல்ல?"

எல்லாரும் அழித்திருப்பார்கள் என்றேன். முந்தின நாள்தான் பால் கடையில் ஒருவர் போனில் அதைப் பார்த்திருந்தேன். கோயிலில் பூசின திருநீறு நெற்றியில் அழியவில்லை, பொய் சொன்னேன்.