சிவகிரி மாப்பிள்ளை கொண்டுவந்த லைட்டர்

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. அடுப்பில் ஈர விறகை வைத்தாலே போதும், நெஞ்சு கீச்சுக்கீச்சென்று சத்தம் போட ஆரம்பித்துவிடும். அதனால் என் வீட்டுக்காரர் சுருட்டுப் பிடிக்க வேண்டுமென்றால் தொழுவத்தைத் தாண்டி வேப்பமரத்தடிக்குத்தான் போக வேண்டும். வாயைக் கொப்பளித்து, துண்டை மாற்றிக்கொண்டு வந்தால்தான் வீட்டுக்குள் சேர்ப்பேன். சங்கரன்கோவில் பக்கம் அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசுகிறவர்கள் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் அவர் என் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியதில்லை.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் நான் கேட்டது ஒரே கேள்வி. பையன் புகை பிடிப்பானா? நிலம் நீச்சு, நகை நட்டெல்லாம் ஆம்பிளைகள் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சிவகிரியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குப் பம்பாயில் ஆபீஸ் வேலை. தாய் தகப்பன் இல்லை, சித்தப்பாதான் எல்லாம். பீடி சிகரெட்டைக் கையாலும் தொடமாட்டான் என்று அந்தச் சித்தப்பா எங்கள் வீட்டு விளக்கு முன்னால் நின்று சொன்னார். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். என் மகளுக்கும் பிடித்திருந்தது. அவள் வாயால் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு இரண்டு தடவை தலை பின்னினாள்.

ஆடித்தபசு முடிந்து ஊரில் கூட்டம் வடிந்த பிறகு, நிச்சயத்துக்கு நாள் குறிக்கச் சித்தப்பாவும் பையனும் மறுபடி வந்தார்கள். பையன் தோல்பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தான். உள்ளே கட்டைவிரல் தண்டியில் சீமைச் சுருட்டுகள். கூடவே ஒரு வெள்ளி நிற லைட்டர். அதுவரை எங்கள் வீட்டில் சுருட்டுக்கு நெருப்பு என்றால் அடுப்புக் கங்குதான், அது இல்லாவிட்டால் தீப்பெட்டி. இவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. ஆம்பிளைகள் மூன்று பேரும் வேப்பமரத்தடிக் கட்டிலுக்குப் போனார்கள். நான் புறவாசல் நிலையில் நின்றுகொண்டேன்.

இவர் லைட்டரின் மூடியைத் திறந்து சக்கரத்தைச் சுழற்றினார். நெருப்பு வந்ததும் சுருட்டை அதற்குள் நுழைத்து, பம்புசெட்டு மாதிரி உறிஞ்சினார். உறிஞ்சிய வேகத்தில் இருமல் வந்துவிட்டது.

"பெட்ரோல் வாடை அடிக்கி, மாமா. பொறுங்க," என்றான் பையன். "முதல்ல நெருப்பை நின்னு எரிய விடணும். வாடை போன பெறகு சுருட்டைக் கிட்ட கொண்டு போகணும். நெருப்பு அதைத் தொடவே கூடாது. சாய்ச்சுப் பிடிச்சு மெதுவா உருட்டுங்க. விளிம்பு சுத்திக் கறுத்த பெறகுதான் வாயில வைக்கணும்."

"தொரைமார் புகையிலை வச்சுப் பிடிக்க பைப்புக்கும் இப்படித்தானா, மாப்பிள்ளை?"

"பைப்புக்கு ரெண்டு தடவை வைக்கணும், மாமா. முதத்தடவை வச்சா புகையிலை பொங்கி மேல வரும். அதை நைசா அமுக்கிட்டு மறுபடி வைக்கணும். அதுக்குத் தீக்குச்சிதான் நல்லது. குச்சியில மருந்து எரிஞ்சு தீர்ந்த பெறகு."

கையாலும் தொடாத பையனுக்கு இத்தனை பாடம் எங்கிருந்து வந்தது? சாமி விளக்கு முன்னால் சொன்ன சொல்லும் பொய்தானா?

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவனுக்குக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் செம்பை வாங்கி, திரும்பி நின்று மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. உதட்டைப் பார்த்தேன், கறுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு விரல் நடுவில் மஞ்சள் பாய்ந்திருக்கும். இவன் விரல்கள் சுத்தமாக இருந்தன. ஆனால் வலது கட்டைவிரல் நுனியில் மட்டும் கெட்டியாகக் காய்ப்பு. அது பேனா பிடித்து வந்த காய்ப்பு இல்லை. லைட்டர்ச் சக்கரம் உராய்கிற இடம் அது. இவ்வளவு நேரம் ஒரு சந்தேகம்தான் இருந்தது, இப்போது இரண்டாகிவிட்டது. பிடிக்காதவன் விரலில் இது ஏன் வர வேண்டும்?

"இவுகளுக்கு அது சரியா வரல, தம்பி. நீங்களே ஒண்ணு பத்த வச்சுக் காட்டுங்க," என்றேன். வாயில் வைத்தால் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவன் வாயில் வைக்கவேயில்லை. சுருட்டைக் கையில் பிடித்தபடியே நெருப்புக்கு மேலே உருட்டினான். நுனியைத் திருப்பி மெல்ல ஊதிப் பார்த்தான். சுற்றிலும் ஒரே சிவப்பு. அப்புறம் லேசாகக் குனிந்து, கடிக்கிற பக்கத்தை இவர் பக்கம் திருப்பி நீட்டினான். அப்போது அவனுடைய இடது கை தானாகப் போய் முதுகுக்குப் பின்னால் மடிந்துகொண்டது.

சொந்த மாமனாருக்குக் கொடுக்கிறவன் அப்படிக் கொடுக்க மாட்டான். அது சம்பளத்துக்கு நிற்கிறவனின் கை.

"தம்பிக்குப் பம்பாய்ல என்ன வேலை?" என்று கேட்டேன்.

சித்தப்பா முந்திக்கொண்டார். "ஆபீசுன்னு சொன்னோம்லா, மைனி."

"நான் தம்பியைக் கேக்கேன், அண்ணாச்சி."

பையன் லைட்டரை மூடிக் கட்டிலில் வைத்தான். "கிளப்புல, அத்தை. பெரிய பெரிய கம்பெனி முதலாளிமார் சாயங்காலம் வருவாக. அவுகளுக்குச் சுருட்டும் பைப்பும் பத்த வச்சுக் கொடுக்கேன். நான் சுருட்டு குடிக்கது இல்ல. சித்தப்பா ஆபீசுன்னு சொன்னது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

இவர் எழுந்துவிட்டார். "என்னவே, கண்டவன் வாய்க்குக் கொள்ளி வைக்கவனுக்கா எம் பொண்ணைக் கேட்டு வந்தீரு?"

"கோவப்படாதீக, மச்சான். கிளப்புலயும் ஆபீஸ் உண்டும்லா," என்றார் சித்தப்பா.

"கோயில்லயும்தான் ஆபீஸ் உண்டு. வாசல்ல செருப்புக்குக் காவல் இருக்கவன் ஆபீசராவே?"

நான் உள்ளே போனேன். கதவுக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"அவுக குடிக்கலல்லா? பெறகு என்னம்மா?"

"குடிக்கலைன்னாலும் அத்தனை புகைக்கு நடுவுல நிக்கான்ட்டி. அந்தச் சட்டையோட வீட்டுக்கு வருவான். ஒனக்கு மூச்சு முட்டுனா பம்பாய்ல யாரு இருக்கா?"

"சட்டையை வெளிய மாட்டிட்டு வரச் சொல்லு. அப்பா இத்தனை வருசம் துண்டை மாத்தலையா?"

வெளியே வந்து பையனிடம், "எங்க தங்கியிருக்கீக?" என்றேன். கிளப்புக்குப் பின்னாலேயே ஓர் அறை என்றான். கல்யாணமானால் தனியாக வேறு அறை பார்ப்பதாகச் சொன்னான். பார்ப்பேன் என்கிற சொல்லை நான் நம்புகிறவள் இல்லை. "முதல்ல பாருங்க. நான் வந்து அதைப் பாத்த பெறகுதான் நிச்சயம்," என்றேன். வேலையைப் பற்றி இவர் சத்தம் போட்டதற்கு, "பொய் சொன்னது அவுக சித்தப்பா. பையன் கேட்ட உடனே சொல்லிட்டான்," என்று மட்டும் சொன்னேன். அதற்காக அவனை நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை.

ஐப்பசியில், அறை பார்த்தாயிற்று என்று தகவல் வந்தது. மதுரைக்கு அந்தப் பக்கம் போகாத நான் இவரை இழுத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறினேன். மூன்றாவது மாடியில் சின்ன அறை. தலையணையை மோந்தேன். சுவரில் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து எந்தப் பக்கக் காற்று வருகிறது என்று பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் எனக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பாள். கதவுக்கு வெளியே நடையில் புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தது. அதில் கிளப்புச் சட்டை தொங்கியது. கிட்டே போனதும் புகையிலை வாடை. அதைத் தாண்டி அறைக்குள் வந்தால் வெறும் சுண்ணாம்பு வாடைதான்.

"தை மாசம் வச்சுக்கிடுவோம்," என்றேன்.

கல்யாணமாகிப் போன முதல் மழைக்காலத்தில் மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. மறு ரயிலில் போய் இறங்கினேன். மகளைப் பார்க்கும் முன்னால் அந்த ஆணியைத்தான் பார்த்தேன். முந்தின நாள் போட்ட சட்டை வெளியேதான் தொங்கியது. மழை ஈரம்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார், மகளும் சொன்னாள். மருமகன் கிளப்புச் சட்டையோடு உள்ளே நுழைகிறானா என்று பார்க்க, அவன் வேலை முடிந்து வருகிற வரை நான் அந்த நடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.