பாஸ்போர்ட்டில் மீசை, கண்ணாடியில் மொட்டை

பாஸ்போர்ட்டில் இருக்கும் முகமும் கழுத்துக்கு மேல் இருக்கும் முகமும் ஒத்துப்போகவில்லையென்றால் வெளிநாட்டில் விசாரணையெல்லாம் கிடையாது, நேராக ஜெயில்தான் என்று ஐம்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் சொல்லவில்லை. நானாகவே யோசித்து, நானாகவே நம்பி, நானாகவே நடுங்கினேன்.

நடந்தது போன வருடம் ஆடியிலும் ஆவணியிலும், எங்கள் திருவண்ணாமலையில். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, கருகிய காப்பர் கம்பியை உருவிப்போட்டுப் புதுக்கம்பி சுற்றுவது தொழில். யாராவது விவசாயி பதறிக்கொண்டு மோட்டாரைத் தூக்கி வந்தால், "இதுக்குக் காயில் கட்ட முடியாதுப்பா, கருமாதிதான் பண்ணணும்" என்று சொல்லி, அவர் முகம் போகிற போக்கை ரசித்துவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுப்பேன். அடுத்தவர் பதற்றத்தைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதற்கெல்லாம் சேர்த்து மொத்தமாகக் கிடைத்தது.

எங்கள் ஒரே மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அப்போது முழுகாமல் இருந்தாள். ஊருக்கு அழைத்துவந்து வளைகாப்பு செய்யலாம் என்றிருந்தோம். டாக்டர் அவளை விமானம் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் வரமுடியாவிட்டால் நாங்கள் போவது என்று முடிவாகி, ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தாயிற்று. "நீங்க ரெண்டு பேரும் வராம நான் வளையலுக்குக் கையை நீட்ட மாட்டேம்பா" என்று போனில் சொல்லிவிட்டாள். நானும் என் மனைவியும் அதுவரை பார்த்திருந்த வெளிநாடு புதுச்சேரிதான்.

மாப்பிள்ளை தானே செல்போனில் டிக்கெட் போட்டுவிடுவதாகச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏதாவது தப்பாகப் போனால் செல்போனோடு எப்படிச் சண்டை போடுவது? சண்டை போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளும் நான் வண்டியில் ஐந்து நிமிடத்தில் போய்ச்சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். அதனால் மனைவியோடு உள்ளூர் டிராவல்ஸுக்குப் போனேன்.

கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அந்த அலுவலகம். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. நடத்துகிறவர் நாற்பது வயது இருக்கக்கூடிய ஒரு பெண்மணி. அதிகம் பேசமாட்டார். சிரிக்க வைப்பது அதைவிடக் கஷ்டம். நான் போட்ட முதல் ஐந்து ஜோக்குகளும் மேசைமேல் விழுந்து அப்படியே கிடந்தன.

மாப்பிள்ளை பார்த்துவைத்த தேதியைச் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

"இந்தத் தேதி வேணாங்கண்ணா. அன்னிக்கு பௌர்ணமி. கிரிவல ஜனத்துல ஊருக்குள்ள ஒரு வண்டி நகராது. பெட்டியத் தலைல வெச்சிகினு நீங்களும் மலையத்தான் சுத்தணும். ரெண்டு நாள் முன்னாடி போட்டுடறேன்."

பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறவன் பௌர்ணமியை மறந்துவிட்டேன். வெட்கத்தை மறைக்க ஆறாவது ஜோக்கைத் தேடிக்கொண்டே விசாவுக்கான போட்டோவை நீட்டினேன். அவர் போட்டோவைப் பார்க்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்தார்.

"ரேஷன் கடைல உங்க ரேகை விழுதாண்ணா?"

"ஏன் மேடம், அரிசி சர்க்கரையெல்லாம் இங்கயே வாங்கிகினு போயிடணுமா?" என்றேன். ஆறாவதும் விழுந்து கிடந்தது.

என் மனைவிதான் பதில் சொன்னாள். "இவரு ரேகை எங்க விழுது? மாசாமாசம் நான்தான் போய் கையை வெக்கிறேன்."

அவர் தலையசைத்துவிட்டு ஒரு தாளில் ஏதோ எழுதி எங்கள் ஃபைலில் செருகினார். என்னவென்று நான் கேட்கவில்லை. போட்டோவில் மீசை சரியாக விழுந்திருக்கிறதா என்பதே என் கவலை. அந்தப் போட்டோவுக்காகத் தலைக்கும் மீசைக்கும் புதிதாக மை அடித்திருந்தேன். பார்க்கிறவர்கள் என்னை மாப்பிள்ளைக்கு அண்ணன் என்று சொல்லுவார்கள்.

விசா வரும்வரை என் மனைவி சும்மா இருக்கவில்லை. தடங்கல் இல்லாமல் வந்தால் திருப்பதியில் முடி காணிக்கை என்று வேண்டிக்கொண்டாள். யாருடைய முடி? என்னுடையது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசா வந்த அன்று இனிப்பைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"மீசை?" என்றேன் ஈனக்குரலில்.

"அதையும் சேத்துத்தாங்க வேண்டிகினேன். சாமிகிட்ட இன்னா கஞ்சத்தனம்?"

இருபத்தைந்து வருடம் வளர்த்த மீசை இரண்டு இழுப்பில் போனது. அப்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மகளைப் பார்க்கும் சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டேதான் ஊர் திரும்பினேன். அவளுக்கு இது ஒரு வேடிக்கையாக இருக்கட்டும் என்று மொட்டையைப் பற்றி மூச்சுவிடவில்லை. வீடியோ காலில் நான் பேசும்போதெல்லாம் கேமரா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெரியவர் மோட்டாரோடு வந்து இறங்கினார். இருபது வருட வாடிக்கை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாய்யா, கடை கைமாறிடுச்சா? ஓனர் எங்க?"

சத்தியமாக அவர் ஜோக் அடிக்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

கையிலிருந்த கம்பி நழுவியது. இருபது வருடமாக என்னோடு டீ குடித்த மனிதருக்கே அடையாளம் தெரியவில்லை. முன்பின் பார்க்காத சிங்கப்பூர் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் மீசைக்காரன், எதிரில் மொட்டையன். அவர் விசிலை எடுத்து ஊதுவதும், நான்கு பேர் ஓடிவருவதும், ஆறு டஜன் கண்ணாடி வளையலோடு என் மனைவி தனியாக நிற்பதும் கண்முன்னே ஓடியது. என்னைத் திருப்பி அனுப்பினால் அவளும் திரும்பிவிடுவாள். மகள் கையை நீட்டமாட்டாள்.

அதற்குப் பிறகு நான் செய்த கூத்தையெல்லாம் சொன்னால் நீங்கள் என் கடையில் மோட்டாரைக் கொடுக்கமாட்டீர்கள். கரிசலாங்கண்ணித் தைலம் தடவினேன். சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்ததில் இரண்டு நாள் கடைக்கு ஈகூட வரவில்லை. காப்பர் கம்பியின் தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டரை வைத்துத் தினமும் காலையில் முடியின் நீளத்தை அளந்தேன். தெருக்கூத்துக்கு வேஷ சாமான் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் போய் டோப்பா கேட்டேன். இருந்தது இரண்டுதான்: ஒன்று முனிவர் சடை, இன்னொன்று ராஜா சுருள்.

"முனிவரையே எடுத்துக்கோங்க. இறங்கினதும் நாலு பேர் கால்ல விழுவாங்க" என்றாள் மனைவி. மொட்டைக்குக் காரணமானவளுக்கு வாய் மட்டும் குறையவில்லை.

கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது, சண்டை போடத்தானே ஓர் ஆள் வைத்திருக்கிறோம் என்று டிராவல்ஸ் மாடிக்குப் போனேன். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"கழட்டுங்கண்ணா."

கழற்றினேன். "விசாவ வேற போட்டோ வெச்சி மாத்த முடியுமா மேடம்? இல்லன்னா தேதியத் தள்ளிப்போட முடியுமா? வளைகாப்பத் தள்ளிப்போட முடியாது" என்று மூச்சுவிடாமல் கேட்டேன்.

அவர் தன் செல்போனை எடுத்து என்முன் நீட்டினார். அவர் அனுப்பிவைத்த ஆட்கள் போன இடத்திலிருந்து அனுப்பிய படங்கள். பெரிய நீரூற்று, முன்னால் ஓர் அப்பா, இரண்டு பையன்கள், மூன்றும் மொட்டை. அடுத்தது, உயரமான கட்டிடம், அதன்கீழ் மொட்டை. கப்பல், மொட்டை. பனிமலை, அதன்மேல் கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் காட்டுகிற மொட்டை.

"நம்ம ஊர்ல விசா வந்து போறவங்கள்ல முடியோட போறவங்கதாண்ணா கம்மி. ஒருத்தரையும் திருப்பி அனுப்பல. அத விடுங்க. தேங்காண்ணெ தடவறீங்களா?"

"தடவறேன் மேடம், வெங்காயம்கூட தேய்ச்சிட்டேன். வளர மாட்டேங்குது."

"தலைக்கு இல்லண்ணா. கைக்கு!" என்று சொல்லி, முதல் தடவையாகச் சிரித்தார். அத்தனை ஜோக்குகளில் எடுபட்டது இது ஒன்று. இதை நான் ஜோக்காகச் சொல்லவில்லை.

பிறகுதான் விவரமாகச் சொன்னார். அங்கே போய் இறங்கினால் இரண்டு கட்டைவிரலையும் இயந்திரத்தில் வைக்கச் சொல்வார்களாம். கம்பியும் வார்னிஷும் தின்னரும் என் விரலைத் தேய்த்துத் தகடாக்கி வைத்திருப்பதை அவர் முதல் நாளே பார்த்திருக்கிறார். "எங்கப்பா கொத்தனாருண்ணா. சிமென்ட்ல ரேகையே போயிடுச்சி. ரேஷன் கடைல மிஷினு அவர ஆளாவே ஒத்துக்காது. எண்ணெ தடவித் தடவித்தான் வழிக்குக் கொண்டாந்தோம். எல்லாத்தையும் அந்தத் தாள்ல எழுதி வெச்சேனே, படிக்கலையா?"

படிக்கவில்லை. பேச்சை மாற்ற, "நீங்க எத்தினி தடவ மேடம் சிங்கப்பூர் போயிருக்கீங்க?" என்றேன்.

"நான் இன்னும் ஏர்போர்ட்டே பார்த்ததில்லண்ணா."

படியிறங்கினேன். கடலையே பார்க்காதவரை நம்பிக் கப்பல் ஏறப்போகிறோமே என்று இருந்தது. வீட்டுக்கு வந்து தாளை எடுத்தேன். 'எட்டு நாள் கம்பி, தின்னர் தொட வேண்டாம். இரவில் விரலுக்குத் தேங்காயெண்ணெய். மிஷினில் அழுத்தாமல் வைக்கவும். விழவில்லையென்றால் நெற்றியில் விரலைத் தேய்த்துவிட்டு வைக்கவும்.' பாதியைப் படித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தேன். அவள் முழுவதும் படித்தாள். அன்று முதல் கடைக்குப் பூட்டு. தினமும் என் பத்து விரலுக்கும் எண்ணெய் தடவிவிட்டு, கையில் மிஞ்சியதை என் மொட்டையில் துடைத்துக்கொள்வாள். ஆனாலும் நான் பயந்தது தலையைப் பற்றித்தான்.

பௌர்ணமிக் கூட்டம் சேருவதற்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பி, சென்னையில் தங்கி, காலை விமானத்துக்குப் போனோம். குடியேற்றக் கவுன்ட்டரில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முகத்தை போட்டோவில் இருப்பதுபோல் விறைப்பாக வைத்துக்கொண்டேன்.

"திருப்பதியா?" என்றார்.

"ஆமாங்க சார்."

முத்திரை விழுந்தது. இரண்டு வாரம் நான் சாகாமல் செத்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் முடிந்தது.

சிங்கப்பூரில் மனைவி முதலில் போனாள். விரலை வைத்தாள், அந்தப் பக்கம் போய்விட்டாள். என் முறை. கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் என் மொட்டையைச் சட்டைகூடச் செய்யவில்லை. இயந்திரத்தைக் காட்டினாள். வைத்தேன். சிவப்பு. மறுபடி வைக்கச் சொன்னாள். சிவப்பு. மூன்றாவது முறையும் சிவப்பு. அவள் பக்கத்திலிருந்த போனை எடுத்தாள். விமானத்தில் கொடுத்த ஈரத்துண்டால் கையைத் துடைதுடையென்று துடைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போதுதான் தெரிந்தது.

நிமிர்ந்தால், அந்தப் பக்கத்தில் வளையல் பையை அணைத்துக்கொண்டு நின்ற மனைவி, கட்டைவிரலால் நெற்றியைத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள். தாளின் கடைசி வரி. நெற்றியோடு நான் நிறுத்தவில்லை. எட்டு நாள் எண்ணெய் ஊறிய மொட்டையில் இரண்டு கட்டைவிரலையும் நன்றாக ஒரு சுற்று சுற்றி, இயந்திரத்தில் மெதுவாக வைத்தேன்.

பச்சை.

அந்தப் பெண் போனைக் கீழே வைத்தாள்.

வெளியே மகள் வயிற்றைத் தாங்கியபடி நின்றிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தள்ளுவண்டியோடு பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற என்னைத் தாண்டி, கதவையே பார்த்தாள். "அப்பா எங்கம்மா? அவர விடலையா?" என்று கேட்கும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. அடுத்தவர் பதறுவதை ரசிக்கிறவன்தான் நான். அன்று அரை நொடிகூட என்னால் தாங்க முடியவில்லை.

"இங்கதாம்மா இருக்கேன்" என்றேன். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். அழுதுகொண்டே என் மொட்டையில் ஓர் அடி வைத்தாள்.

டிராவல்ஸ் பெண்மணியின் செல்போனில் இப்போது என் மொட்டையும் இருக்கிறது. அடுத்து ஹெல்மெட்டோடு வருகிறவருக்குக் காட்டுவார். கருமாதி ஜோக்கை நான் விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் அதே மூச்சில் "கவலப்படாத, சரியாயிடும்" என்பதையும் இப்போதெல்லாம் சேர்த்துச் சொல்கிறேன். ஏர்போர்ட்டையே பார்க்காத ஒருவர், ரேஷன் கடை வரிசையில் கற்றதை வைத்து எங்களைக் கடல் தாண்ட வைத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், என்னை நான் காட்டிய போட்டோவில் பார்க்காமல் கையில் பார்த்த அந்தக் கண்ணுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை காலை மகள் இரண்டு கையையும் நீட்டினாள். ஆறு டஜனில் ஒரு வளையல்கூட உடையவில்லை.